குழிக்குள் 24 மணி நேரம்: ஒரு திருவிழாக் கமிட்டியின் விவாதம்

மேலூர் வட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குக் காப்புக் கட்ட மூன்று வாரம் இருக்கும்போது, மேஜிக்காரர் ஒருவர் கமிட்டியைத் தேடி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாண மண்டபத்திலும் பள்ளி ஆண்டு விழாவிலும் தொப்பிக்குள்ளிருந்து புறா எடுப்பது, கிழித்த ரூபாய் நோட்டை முழுசாக்கிக் காட்டுவது என்று பிழைப்பு நடத்துபவர். இந்த முறை அவர் கேட்டது வேறு. கைகால்களைச் சங்கிலியால் கட்டிப் பூட்டி, குழிக்குள் இறக்கி, மேலே பலகை அடுக்கி மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். 24 மணி நேரம் கழித்துத் தோண்டினால் உயிரோடு எழுந்து வருவார். கேட்ட பணம் ஆடல் பாடல் குழுவுக்குக் கொடுப்பதில் பாதிகூட இல்லை. ‘உயிருக்கு நானே பொறுப்பு’ என்று முத்திரைத்தாளில் எழுதித் தரவும் தயார் என்றார்.

கமிட்டி 24 மணி நேரத்துக்கு ஒப்பவில்லை. வேறொரு வடிவத்தில் நடத்த ஒப்புக்கொண்டு, நடத்தியும் முடித்தது. அந்த முடிவுக்கு வருவதற்குள் ஊரில் யார் யார் என்னென்ன பேசினார்கள், ஏன் அப்படிப் பேசினார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம் என்று இரு தரப்பும் கேட்டுக்கொண்டதால் விட்டிருக்கிறேன். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துபவன். கமிட்டியின் கணக்கு நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. அதனால் நான் வெளியே நின்று வேடிக்கை பார்த்தவன் இல்லை, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு படியுங்கள்.

கேட்டவுடன் வந்த பேச்சு

இளவட்டங்களுக்கு உடனே சம்மதம். “ரீல்ஸ் போட்டா மேலூர், நத்தம், கொட்டாம்பட்டி பூரா வந்து நிக்கும்ணே” என்றான் ஒருவன். ஆடல் பாடல் வைப்பதென்றால் காவல் நிலையத்தில் மறுப்பார்கள், பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் உத்தரவு வாங்க வேண்டும், ராத்திரி எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும் என்பதுவரை நிபந்தனை வரும். இந்த அலைச்சலுக்குக் குழி எவ்வளவோ மேல் என்பது அவர்கள் வாதம்.

பெரியவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. “எங்க காலத்துச் சைக்கிள்காரன் செய்யாததையா இவன் செஞ்சுறப் போறான்” என்று வெற்றிலையை மடித்தார் முன்னாள் தலைவர். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும், “எல்லாம் செட்டப்பு. குழிக்குள்ள குழாய் இருக்கும், ஏமாத்துறாய்ங்க” என்று ஒரே போடாகப் போட்டார்.

பெண்கள் பக்கமிருந்து வந்த கேள்வியில்தான் கூட்டமே ஒரு நிமிஷம் அடங்கியது. மகளிர் குழுவில் வரவு செலவு பார்க்கும் அக்கா ஒருவர் கேட்டார்: “காப்புக் கட்டுனதுக்கு அப்புறம் கோயில் பொட்டல்ல ஒரு சாவு விழுந்தா என்ன செய்வீக? பொங்கலை நிப்பாட்டுவீகளா, பொணத்த வச்சுக்கிட்டு நடத்துவீகளா?”

முதல் நாள் கூட்டத்தில் நான் குறித்து வைத்ததைத் திருப்பிப் பார்க்கையில் ஒன்று தெரிகிறது. அந்த மனிதன் செத்துவிடுவானே என்ற கவலையில் யாரும் பேச்சைத் தொடங்கவில்லை. நிஜமா பொய்யா, செலவு எவ்வளவு, பழி யார் தலையில், திருவிழா என்னாகும் என்றுதான் பேச்சு ஓடியது. எங்கள் ஊருக்கு ஈரமில்லை என்று இதற்கு அர்த்தம் செய்யாதீர்கள். ஆபத்தைக் காட்டி வித்தை செய்பவனை எங்குமே மக்கள் இந்த வரிசையில்தான் எடை போடுகிறார்கள். லண்டனிலும் அப்படித்தான் நடந்தது, கொல்கத்தாவிலும் அப்படித்தான்.

சைக்கிள்காரர்

நாற்பது வயதைத் தாண்டிய மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஊர்ப் பொட்டலில் நடுவே ஒரு கம்பம், உச்சியில் குழல் ரேடியோ, சுற்றிலும் டியூப் லைட். ஒருவர் சைக்கிளில் ஏறினால் ஏழு நாள், சில ஊர்களில் அதற்கும் மேல், ராப்பகலாகக் கீழே இறங்காமல் வட்டமடிப்பார். சாப்பாடு, குளியல், சவரம், சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள்மேலேயே. சாயங்காலமானால் கூட்டம் கூடும். பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து மிதிப்பார். ஓடுகிற சைக்கிளிலிருந்து குனிந்து தரையில் கிடக்கும் கைக்குட்டையைப் பல்லால் எடுப்பார். நெஞ்சில் டியூப் லைட்டை உடைப்பார். நடுவில் ஒரு கோமாளி, இரண்டு சினிமாப் பாட்டுக்கு ஆட்டம். கடைசி நாளில் மார்மேல் ஆட்டுக்கல்லை வைத்துச் சம்மட்டியால் அடிப்பது, கூந்தலில் கயிறு கட்டிக் கார் இழுப்பது, சில குழுக்களில் உயிரோடு புதைப்பது.

நுழைவுச் சீட்டு எதுவும் கிடையாது. பிடித்தவர்கள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டை ஊக்கால் அவர் சட்டையில் குத்துவார்கள். ஏழாவது நாள் அந்தச் சட்டை நோட்டால் கனத்திருக்கும். வீட்டுக்கு வீடு அரிசியும் பருப்பும் வந்துவிடும்.

முன்னாள் தலைவர் சொன்ன ஒரு விஷயத்தில் நான் நின்றுவிட்டேன். அந்த ஏழு நாளும் பையன்கள் முறை வைத்து ராத்திரி ரெண்டு மணிக்கும் மூணு மணிக்கும் போய்ப் பார்ப்பார்களாம், இறங்கித் தூங்குகிறாரா என்று. “எங்க மாமன் ஒருத்தருக்கு ஒரு சந்தேகம், இரட்டைப் பிள்ளையா இருக்கும், ஆள மாத்தி ஆளு ஓட்டுறாய்ங்கன்னு. கையில இருந்த தழும்ப அடையாளம் வச்சு நாலு நாளு பாத்தாரு. அஞ்சாம் நாளு தன் கையாலயே அஞ்சு ரூபாய குத்திட்டு வந்தாரு.”

சந்தேகம் தீர்ந்ததும் பணம் வந்தது. சைக்கிள்காரர் தன்னைச் சோதிக்க ஊருக்கு வழி விட்டிருந்தார். மறைக்க ஒன்றுமில்லாத வட்டம் அது; எந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அவர் தன்னை மேஜிக்காரர் என்றும் சொல்லிக்கொள்ளவில்லை, உடம்பை வருத்துகிறேன் பாருங்கள் என்றுதான் சொன்னார். அதோடு, அவர் எதற்காகச் செய்கிறார் என்பதில் யாருக்கும் குழப்பமே இல்லை. வயிற்றுக்கு. பசி தெரிந்த ஊர் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டது.

தேம்ஸ் கரையில் 44 நாள்

2003 செப்டம்பர் 5-ம் தேதி, டேவிட் பிளெய்ன் என்ற அமெரிக்க மேஜிக்காரர் லண்டன் டவர் பிரிட்ஜ் அருகே தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தார். பெட்டி தரையிலிருந்து சுமார் 30 அடி உயரத்தில் தொங்கியது. சாப்பாடு இல்லை, தண்ணீர் மட்டும். அக்டோபர் 19-ம் தேதி வெளியே வந்தபோது 44 நாள் ஆகியிருந்தது.

அதற்கு முன் நியூயார்க்கில் 1999-ல் ஏழு நாள் பூமிக்கடியில் பெட்டிக்குள் கிடந்திருக்கிறார். 2000-ல் பனிக்கட்டிக்குள் 60 மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார். 2002-ல் 100 அடித் தூணின் உச்சியில் 35 மணி நேரம். அங்கே ஜனம் வரிசையில் நின்று கையசைத்தது. லண்டனில் முட்டை வந்தது. எலுமிச்சம்பழம் வந்தது, கோல்ப் பந்து வந்தது. ராத்திரியில் தூங்கவிடாமல் தப்பு கொட்டினார்கள். ரிமோட்டில் இயங்கும் குட்டி ஹெலிகாப்டரில் பர்கரைக் கட்டி அவர் கண்ணெதிரே பறக்கவிட்டார்கள். ஒருவர் தண்ணீர்க் குழாயையே அறுக்க ஏறிப் பிடிபட்டார்.

எங்கள் ஊர்ப் பையன்களும் ராத்திரி போனார்கள், லண்டன்காரர்களும் ராத்திரி போனார்கள். இவர்கள் தூங்குகிறானா என்று பார்க்கப் போனார்கள், அவர்கள் தூங்கவிடாமல் அடிக்கப் போனார்கள். ஒரே மனித ஜாதி இப்படி இரண்டாகப் பிரிவதற்கு ஊர்க் குணம்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. பிளெய்ன் அதற்குள் தொலைக்காட்சியில் பெரிய பெயர். பெட்டியைச் சுற்றிக் கேமரா. உலகத்தில் எத்தனையோ பேர் வழியில்லாமல் பட்டினி கிடக்க, வசதியான ஒருவர் பட்டினியைக் காட்சிக்கு வைக்கிறார் என்று பலருக்கும் உறுத்தியது. இன்னொரு பக்கம், இவர் மேஜிக்காரராயிற்றே, தண்ணீரில் குளுக்கோஸ் கலந்திருக்கும் என்று பேச்சு. இரண்டு புகாரும் ஒன்றோடொன்று மோதுவதைக் கவனியுங்கள். பட்டினி பொய்யானால் வயிற்றெரிச்சலுக்கு வேலையில்லை. நிஜமானால் ஏமாற்று என்று திட்ட முடியாது. ஆனாலும் ஒரே வாய் இரண்டையும் சொன்னது.

பட்டினி நிஜம்தான். வெளியே வந்தவர் எடையில் சுமார் 24 கிலோ குறைந்திருந்தார், போகும்போது இருந்ததில் கால்வாசி. நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு சாப்பாடு தொடங்கும்போதுதான் உண்மையான ஆபத்து: மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறும், ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட் செல்லுக்குள் ஓடும், அது அடிமட்டத்துக்கு இறங்கினால் இதயமும் மூச்சும் தடுமாறும். பிளெய்னுக்கும் பாஸ்பேட் இறங்கியது. அவரைக் கவனித்த மருத்துவர்கள் அந்த அளவுகளை 2005-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். முட்டை எறிந்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? சோதித்துப் பார்க்கும் வழி, சோதிக்க விரும்பியவர்கள் கைக்கு வரவே இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவு பெட்டிக்கு அடியில் ஒரு பலகையில் தினமும் எழுதப்பட்டிருந்தால் கூட்டம் எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த யோசனைதான் பிறகு எங்கள் ஊரில் உதவியது.

ஹூக்ளி

கமிட்டியின் இரண்டாவது கூட்டத்தில் நான் பேசியது பெரும்பாலும் சஞ்சல் லாகிரியைப் பற்றி. கொல்கத்தாக்காரர், ‘மாண்ட்ரேக்’ என்ற பெயரில் மேடையேறியவர். 2019 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, ஹவுரா பாலத்தடியில் ஹூக்ளி ஆற்றுக்குள் சங்கிலியும் பூட்டும் போட்டு இறக்கப்பட்டார். பூட்டை உடைத்து மேலே வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுநாள் உடல் கிடைத்தது. காவல்துறைக்குத் தந்த மனுவில் தண்ணீருக்குள் இறங்குவது பற்றி முழுதாகச் சொல்லப்படவில்லை என்று அப்போது போலீஸ் தரப்பில் சொன்னார்கள்.

அதுவரை எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். 2013-ல் நடந்ததைச் சொன்னபோதுதான் கமிட்டியில் காது கொடுத்தார்கள். அதே ஆற்றில், பூட்டிய கூண்டிலிருந்து தப்பிக்கும் வித்தை. வெளியே வந்துவிட்டார். ஆனால் கூண்டில் ஒரு கதவு இருந்ததும் அதன் வழியாக அவர் நழுவியதும் கரையில் நின்றவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. உயிரோடு வந்தவரைக் கூட்டம் பிடித்து அடித்தது.

மேஜிக் பார்க்கப் போன கூட்டம், மேஜிக் இருந்ததற்காக அடித்தது! புறா எங்கிருந்து வந்தது என்று யாரும் சட்டையைப் பிடிப்பதில்லை. மேடையில் ஏமாறுவதற்காகத்தான் சீட்டு வாங்குகிறோம். அதே ஆள் ‘என் உயிரைப் பணயம் வைக்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் கூட்டத்தின் கணக்கு மாறிவிடுகிறது. அதற்கப்புறம் அவர் பத்திரமாக இருப்பதே மோசடியாகத் தெரிகிறது. கதவு இருந்தால் அடி. கதவு இல்லாவிட்டால் ஆறு. 2013-க்கும் 2019-க்கும் நடுவே லாகிரி மனத்தில் என்ன ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அடிதான் அவரைத் தள்ளிவிட்டது என்று நான் தீர்ப்பு எழுத மாட்டேன். மேஜிக்கின்மேல் ஜனத்துக்குப் போன ஆர்வத்தைத் திரும்பக் கொண்டுவரவே இதைச் செய்வதாக அவர் சொன்னதாகச் செய்தி வந்தது. எந்த மாதிரி மேஜிக்குக்கு ஜனம் கைதட்டும் என்று அவர் முன்பே பார்த்திருந்தார், அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்த பிறகு எங்கள் மேஜிக்காரர் டீக்கடை வரை என்னோடு வந்தார். உள்ளே பேசாததை அங்கே பேசினார்.

“சார், அந்தத் தபால் ஆபீஸ் அய்யா சொன்னது சரிதான். நான் குழாய் வச்சுத்தான் பண்ணுவேன். மூங்கிக் குழாய், பலகை ஓரமா மேல வரும், பூந்தொட்டி வச்சு மறச்சிருவோம். போன வருஷம் ஒரு ஊர்ல பயலுக தொட்டியத் தூக்கிட்டாய்ங்க. சாமான் பூரா உடச்சு, காசும் குடுக்காம விரட்டிவிட்டாய்ங்க.”

“அப்ப இந்தத் தடவை?”

“இந்தத் தடவை குழாய் இல்ல சார். நெசமாவே பண்ணிரலாம்னு இருக்கேன். எத்தனை நாளைக்கு அடி வாங்குறது.”

நான் கொல்கத்தாவைப் பற்றி எதுவும் திரும்பச் சொல்லவில்லை. அவரும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

குழியின் கணக்கு

மறுநாள் பள்ளிக்கூடக் கரும்பலகையில் அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஏழடி நீளம், மூன்றடி அகலம், நாலடி ஆழம் என்றால் 84 கன அடி. கிட்டத்தட்ட 2,380 லிட்டர். ஆள் உடம்பு அடைக்கும் இடத்தைக் கழித்தால் 2,300 லிட்டர் காற்று. சும்மா படுத்திருக்கும் மனிதர் மணிக்கு ஏறக்குறைய 15 லிட்டர் ஆக்சிஜன் எடுத்து 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவார்.

மூச்சு முட்டிச் சாவது ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். குழிக்குள் முதலில் ஆளைச் சாய்ப்பது விட்ட மூச்சு. பத்து மணி நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதத்தைத் தொடும். தலை பிளக்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும். ஆக்சிஜன் அப்போதும் 14 சதவீதம் இருக்கும். பதினாறு, பதினேழு மணி நேரத்தில் அது 10 சதவீதத்தை நெருங்கும்போது நினைவு தப்பிவிடும். சங்கிலியோடு போராடினாலோ பயந்தாலோ இந்த மணிக்கணக்கு பாதியாகிவிடும்.

பிறகு பழைய ஆட்கள் 24 மணி நேரம் எப்படிக் கிடந்தார்கள்? சிலர் குழாய் வைத்திருப்பார்கள். பலருக்கு மண்ணே உதவியிருக்கும். பலகை இடுக்கு, சாக்கு, மேலே தளர்வாகத் தள்ளிய மண் ஆகியவற்றின் வழியே காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போய்வரும். எங்கள் மேலூர்ப் பக்கத்துச் செம்மண் அப்படி விடும். இதே ஆள் திருமங்கலம் பக்கம் போய்க் கரிசலில் இதைச் செய்து, ராத்திரி ஒரு மழையும் பெய்தால், மண் ஊதி இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். போன ஊரில் பலித்த வித்தை இந்த ஊரில் ஆளைத் தின்றுவிடும். என்ன நடந்தது என்று யாருக்கும் புரியக்கூடப் புரியாது.

யோகியர் புதைந்து கிடந்த கதைகளை அவரும் சொன்னார். சோதித்துப் பார்த்த வழக்குகளும் உண்டு. டெல்லி எய்ம்ஸில் பி.கே.ஆனந்தும் அவரோடு இருந்தவர்களும் ராமானந்த யோகி என்பவரைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்து அளந்து 1961-ல் வெளியிட்டார்கள். ஓய்வாகப் படுத்திருக்கும்போது தேவைப்படுவதைவிடக் குறைந்த ஆக்சிஜனில் அவரால் இருக்க முடிந்தது என்று அளவிலேயே தெரிந்தது. குறைந்தது, நின்றுவிடவில்லை. எங்கள் ஆள் யோகியும் இல்லை. மேலூர் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா தின்றுவிட்டு வந்தவர்.

நேர்ச்சைக்காரரும் கூலிக்காரரும்

இதற்கிடையில் ஊரில் ஒரு எதிர்க்கேள்வி சுற்றியது. பூக்குழி இறங்கவில்லையா, அலகு குத்தவில்லையா, கிரேனில் பறவைக் காவடி தொங்கவில்லையா? அதையெல்லாம் கும்பிடுகிறோம், இவனை மட்டும் ஏன் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறோம்?

நியாயமான கேள்வி. காப்புக் கட்டி விரதமிருந்து நெருப்பில் இறங்குபவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வரவில்லை. அவருக்கும் அம்மனுக்கும் நடுவே ஒரு பேச்சு இருக்கிறது; பார்ப்பவன் அதில் மூன்றாமவன். பட்டினி விஷயத்திலும் நம் பக்கத்தில் பழைய மரியாதை உண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை நேரில் பார்த்திராத நட்புக்காகப் பாண்டிய நாட்டிலிருந்து பிசிராந்தையார் போய்ச் சேர்ந்து உயிர் விட்டார். செஞ்சி பக்கம் திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோற்று முடித்ததைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1952-ல் ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாமல் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 58-ம் நாள் இறந்தார். அவர் கேட்டதை ஏற்காதவர்கள்கூட அவர்மேல் முட்டை எறிய நினைத்திருக்க மாட்டார்கள். எதற்காக என்ற கேள்விக்கு இவர்களிடம் பதில் இருந்தது. பிளெய்னிடம் லண்டன் கேட்ட கேள்வியும் அதுதான். தன்னால் முடியும் என்பதைத் தவிர அவரிடமிருந்து அவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை.

மஞ்சுவிரட்டு இழுக்கப்படாமல் எங்கள் பக்கத்தில் எந்த விவாதமும் முடியாது, இதிலும் வந்தது. மாடு பிடிப்பதில் குத்துப்படுகிறார்கள், உயிரும் போகிறது. 2014-ல் உச்ச நீதிமன்றம் தடுத்ததை, 2017 ஜனவரியில் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் அத்தனை ஜனம் உட்கார்ந்து மீட்டது. “அதுல சாவு இல்லையா?” என்றான் ரீல்ஸ் பையன். இருக்கிறது. ஆனால் மாட்டுக்கு நடிக்கத் தெரியாது. வாடிவாசலுக்கு முன்னால் மருத்துவர் சோதித்துத்தான் ஆளை விடுகிறார், தடுப்புக் கட்டுகிறார்கள், தரையில் தென்னை நார் பரப்புகிறார்கள். இவையெல்லாம் இருப்பதால் மாடுபிடி வீரரை யாரும் ஏமாற்றுக்காரர் என்பதில்லை. காப்பு வைத்துக்கொண்டே ஆபத்தில் இறங்க அங்கே அனுமதி உண்டு. மேஜிக்காரருக்குத்தான் அந்த அனுமதியை நாம் தருவதில்லை.

முத்திரைத்தாள் சமாசாரம் காவல் நிலையத்திலேயே முடிந்துவிட்டது. கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு வந்தால் செத்தவர் எழுதிக் கொடுத்த காகிதம் நடத்தியவரைக் காப்பாற்றாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 304ஏ, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 106. தண்டனை இரண்டாண்டிலிருந்து ஐந்தாண்டு வரை என்று ஏறியிருக்கிறது. பொருளாளர் அன்று வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் வேகமாகவே நடந்தார்.

92 நிமிஷம்

வழி சொன்னது ஒரு பழைய கதை. 1926-ல் ரஹ்மான் பே என்பவர் நியூயார்க்கில் ஒரு நீச்சல் குளத்துக்குள் மூடிய பெட்டியில் ஒரு மணி நேரம் இருந்து காட்டினார். தெய்வீக சக்தியால் மயக்க நிலைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டார். பூட்டு, சங்கிலியிலிருந்து தப்பிக்கும் வித்தைக்குப் பேர்போன மேஜிக்காரர் ஹூடினிக்கு அது பொறுக்கவில்லை. அப்போது ஐம்பத்திரண்டு வயது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ம் தேதி ஷெல்டன் ஓட்டல் குளத்தில் அவரும் பெட்டிக்குள் இறங்கி 91 நிமிஷம் இருந்தார். வெளியே வந்து, சக்தியும் இல்லை, தந்திரமும் இல்லை, அசையாமல் படுத்து மெல்ல மூச்சு விட்டேன், யாராலும் முடியும் என்றார். மாட்டிக்கொள்ளும் சுரங்கத் தொழிலாளிகளுக்கு உதவட்டும் என்று சுரங்கத் துறை மருத்துவருக்கு விவரமும் எழுதினார். உலகத்திலேயே பெரிய தப்பிப்புக்காரர், இந்த முறை எல்லாவற்றையும் திறந்து காட்டினார். அக்டோபர் 31-ல் குடல்வால் வெடித்து இறந்துபோனதால் அதை மேற்கொண்டு கொண்டுபோக அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

இதைக் கேட்டதும் எங்கள் மேஜிக்காரர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு. “அப்ப நான் 92 சார்.”

ஏற்பாடு இப்படி ஆனது. மண் கிடையாது. குழிமேல் தடித்த கண்ணாடி, ஓரமெல்லாம் களிமண் பூச்சு. சங்கிலி கிடையாது. உள்ளே ஒரு விளக்கு, ஒரு மணி. மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு அளக்கும் மீட்டர் கடன் வாங்கி உள்ளே வைத்தோம். பத்து லட்சம் பங்கு காற்றில் அந்த வாயு எத்தனை பங்கு என்று சொல்லும் அதன் எண் வெளியே பெரிய பலகையில் தெரியும். பத்தாயிரத்தைத் தொட்டால், அதாவது 1 சதவீதம், அவர் என்ன சொன்னாலும் கண்ணாடியைத் தூக்கிவிடுவது. பக்கத்தில் 108 ஆம்புலன்ஸ். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் முன்னும் பின்னும் பார்த்தார்.

சாயங்காலம் ஆறரைக்கு இறங்கினார். முதல் கால் மணி நேரம் கூட்டத்தில் சலசலப்பு. “கண்ணாடிக்குள்ள படுத்திருக்கவனப் பாக்கவா அறுவது ரூவா பெட்ரோல் போட்டு வந்தேன்” என்று ஒரு குரல். சிலர் கலைந்து ராட்டினம் பக்கம் போனார்கள். பிறகு எண் ஏற ஆரம்பித்தது. ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு. மைக்கில் ரீல்ஸ் பையன் ஒவ்வொரு ஐந்நூறுக்கும் அறிவித்தான். நாலாயிரத்தில் போனவர்கள் திரும்பி வந்தார்கள். பசங்கள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அடுத்த எண்ணை முன்கூட்டிச் சொல்லிப் பந்தயம் கட்டினார்கள். கேள்வி கேட்ட அந்த அக்கா கடைசிவரை கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நின்றார், மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு. ஆறாயிரத்தைத் தாண்டியபோது 92-வது நிமிஷம் வந்தது. கண்ணாடியைத் தூக்கினோம். வேர்த்து ஊற்றியிருந்தது, தலைவலி என்றார், எழுந்து நின்று கும்பிட்டார். கைதட்டல் ஆடல் பாடலுக்கு வருகிற அளவு இல்லை. ஆனால் முன்னாள் தலைவர் போய் அவர் சட்டையில் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டைக் குத்தினார். பின்னால் வரிசை நின்றது. பேசிய தொகையைவிட அது கூடுதலாகவே சேர்ந்தது. எண்ணிக் கொடுத்தது நான்தான்.

தபால் ஆபீஸ் அய்யா மட்டும் கடைசிவரை மசியவில்லை. “மீட்டரே செட்டப்பு” என்றார். “அடுத்த வருஷம் மீட்டர என் கையில குடுங்க, நான் கொண்டாந்து வைக்கிறேன்.” மேஜிக்காரர், “தாராளமாய்யா, நீங்களே கொண்டாங்க” என்றார். கமிட்டி நோட்டில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.